பைசன் வழிவிட்டால்தான் பயணம்... டெக்சாஸின் கேப்ராக் கேன்யன்ஸுக்கு ஒரு ட்ரிப் ப்ளான்!

எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘குயிட்டாக்யூ’ என்று வரும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது ‘கிட்டிக்வே’. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நானூறு பேர்கூட வசிக்காத குட்டி ஊர். காரில் போனால் கண் மூடித் திறப்பதற்குள் ஊர் முடிந்துவிடும்.

அந்த ஊரிலிருந்து வடக்கே மூன்று மைல் போனால், அதுவரை தட்டையாக விரிந்துகிடந்த தரை சட்டென்று பிளந்து, செக்கச்செவேல் என்று பள்ளத்தாக்குகள் கீழே இறங்குகின்றன. மேலே புல்வெளி, கீழே சிவப்புப் பாறை. இரண்டிலும் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் திமில் பெருத்த பைசன் கூட்டம். இதுதான் கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்கா.

டெக்சாஸில் தமிழர்கள் ஏராளம். டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் எனப் பெரிய நகரங்களில் மகனோ மகளோ, அக்காவோ தம்பியோ இல்லாத தெருவை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீண்ட வார விடுமுறை வந்தால் அவர்கள் விமானம் ஏறி கிராண்ட் கேன்யனுக்கோ யெல்லோஸ்டோனுக்கோ போகிறார்கள். சொந்த மாநிலத்துக்குள்ளேயே, காரில் போகும் தூரத்தில், பள்ளத்தாக்கும் பைசனும் ஒரே இடத்தில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

தெரிந்து கிளம்புகிறவர்களும் ஒரு தப்பைச் செய்கிறார்கள். ‘காலை 9 மணிக்கு இது, 11 மணிக்கு அது’ என்று நகரச் சுற்றுலா மாதிரி அட்டவணை போட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கே அந்த அட்டவணை செல்லாது. நாள் எப்படி நகர வேண்டும் என்பதை வெயிலும் பைசனும்தான் முடிவு செய்கின்றன. அதைப் புரிந்துகொண்டு திட்டமிட்டால், சிறுவர் முதல் பெரியவர் வரை ரசிக்கக்கூடிய பயணம் இது. புரியாமல் போனால் ஆபத்தும் உண்டு.

முதலில், எங்கே இருக்கிறது?

டெக்சாஸ் வரைபடத்தின் தலைப்பகுதியில், ஒரு பெட்டி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ‘பான்ஹேண்டில்’ என்று பெயர். வாணலியின் கைப்பிடி என்று பொருள். அந்தக் கைப்பிடியின் கீழ்ப்பகுதியில், பிரிஸ்கோ மாவட்டத்தில் இருக்கிறது இந்தப் பூங்கா. பரப்பு 15,000 ஏக்கருக்கும் அதிகம். 1982-ல் மக்களுக்காகத் திறக்கப்பட்டது.

பக்கத்தில் இருக்கும் பெரிய நகரங்கள் இரண்டு. வடமேற்கே அமரில்லோ, தென்மேற்கே லுபக். இரண்டுமே சுமார் 100 மைல் தூரம். டல்லாஸிலிருந்து ஏறத்தாழ 5 மணி நேரக் கார்ப் பயணம். ஆஸ்டின், ஹூஸ்டன்காரர்களுக்குப் போகவே ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஓட்ட முடியாதவர்கள் டல்லாஸிலிருந்து அமரில்லோவுக்கோ லுபக்குக்கோ விமானத்தில் போய், அங்கே கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டல்லாஸிலிருந்து வருபவர்கள் 287-ம் எண் நெடுஞ்சாலையில் விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரஸ் வழியாக எஸ்டலின் வரை வந்து, அங்கிருந்து 86-ம் எண் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். வழியில் ‘டர்க்கி’ என்று ஓர் ஊர் வரும். வான்கோழிகள் நிறைய இருந்ததால் வந்த பெயர். ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ இசையின் ராஜா என்று கொண்டாடப்படும் பாப் வில்ஸ் வளர்ந்த ஊர் அது. அமரில்லோ, லுபக் பக்கமிருந்து வருபவர்கள் 27-ம் எண் நெடுஞ்சாலையில் டூலியா வந்து, அதே 86-ம் எண் சாலையைப் பிடித்து சில்வர்டன் வழியாகக் கிழக்கே வரலாம்.

முடிந்தால் மேற்கிலிருந்து வருவதே நல்லது. லுபக் சுற்றுவட்டாரம் அமெரிக்காவிலேயே பருத்தி அதிகம் விளையும் பகுதிகளில் ஒன்று. மணிக்கணக்கில் பருத்திக் காடும் தட்டையான வானமுமாகப் போய்க்கொண்டிருக்கும். ‘இங்கே எங்கே பள்ளத்தாக்கு இருக்கப்போகிறது?’ என்று பின் ஸீட்டிலிருந்து பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் நேரத்தில், சில்வர்டன் தாண்டியதும் சாலை கீழ்நோக்கிச் சரியும். சமவெளியின் விளிம்பு அது.

தரை ஏன் பிளந்தது?

அந்தத் தட்டைச் சமவெளிக்கு ‘யானோ எஸ்டகாடோ’ என்று பெயர். ஸ்பானியர்கள் வைத்தது. ராக்கி மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மணலும் கூழாங்கல்லும் பல லட்சம் ஆண்டுகளாகப் படிந்து உருவான மேடு. அதன் மேல்பகுதியில் சுண்ணாம்பு இறுகி, சிமென்ட் போட்டதுபோல் கெட்டியான ஒரு மூடி உண்டாகியிருக்கிறது. தொப்பி போல மேலே உட்கார்ந்திருக்கும் பாறை என்பதால் அதற்கு ‘கேப்ராக்’ என்று பெயர். பூங்காவுக்கும் அதே பெயர்தான்.

மேலே கெட்டி, கீழே மிருது. சிவப்பு நதியின் கிளை ஓடைகள் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, அடியிலிருந்த மிருதுவான சிவப்புப் பாறையைக் குடைந்து எடுத்துவிட்டன. அப்படி உருவானவைதான் இந்தப் பள்ளத்தாக்குகள். விளிம்புக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமார் 1,000 அடி வித்தியாசம்.

கீழே இருக்கும் சிவப்புப் பாறை சுமார் 25 கோடி ஆண்டுப் பழையது. டைனோசர்களுக்கும் முந்தைய காலம். இரும்புச் சத்து துருப்பிடித்த நிறம்தான் அந்தச் சிவப்பு. அதற்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடும். ஒரு காலத்தில் இங்கிருந்த கடல்நீர் வற்றிப்போனதன் அடையாளமான ஜிப்சம் அது. வெயில் பட்டால் பட்டு நூல் மாதிரி மின்னும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி. ஆனால், உடைத்து எடுத்து வரக் கூடாது. பூங்காவிலிருந்து கல், செடி, எலும்பு எதையும் எடுக்க அனுமதியில்லை.

இந்த ஜிப்சத்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. ஓடைகளில் தண்ணீர் ஓடினாலும் அதை நம்பி நடக்கக் கூடாது. தாது உப்புகள் கலந்த அந்த நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல.

காட்டெருமையா, பைசனா?

கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் தெருவுக்குள்ளும் வந்து நிற்கிறதே, அதை நாம் காட்டெருமை என்கிறோம். ஆங்கிலேயர்கள் அதை ‘இந்தியன் பைசன்’ என்றார்கள். உண்மையில் அது கவுர் என்கிற வேறு இனம். அமெரிக்க பைசன் அதற்கு உறவுதான், அதுவே அல்ல. முன்பாதி முழுக்க அடர்ந்த முடி, தாடி, மலை போன்ற திமில், ஒப்பிட்டால் சின்னதாகத் தெரியும் பின்பாதி. வளர்ந்த காளை 900 கிலோ வரை இருக்கும்.

ஒரு காலத்தில் வட அமெரிக்கப் புல்வெளிகளில் மூன்று கோடிக்கும் மேல் பைசன்கள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கமான்ச்சி, கியோவா போன்ற பூர்வகுடி மக்களுக்கு அவைதான் உணவு, உடை, கூடாரம் எல்லாம். 1870-களில் தோல் வியாபாரம் சூடுபிடித்தது. தொழிற்சாலை இயந்திரங்களின் பெல்ட்டுகளுக்குப் பைசன் தோல் வேண்டும் என்று, வேட்டைக்காரர்கள் துப்பாக்கிகளோடு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே அழுகவிட்டார்கள். 1880-களின் முடிவில், எஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு!

அதே காலத்தில்தான் அந்த மக்களும் இந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1874 செப்டம்பர் 28-ம் தேதி, பக்கத்திலுள்ள பாலோ டியூரோ பள்ளத்தாக்கில் முகாமிட்டிருந்த கமான்ச்சி, கியோவா, ஷையன் மக்களை கர்னல் ரானல்ட் மெக்கன்சியின் படை தாக்கியது. மக்களில் பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். ஆனால், அவர்களின் சுமார் 1,400 குதிரைகள் படையிடம் சிக்கின. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை டூலே பள்ளத்தாக்கு அருகே சுட்டுக் கொன்றார்கள். குதிரையும் இல்லை, பைசனும் இல்லை, குளிர்காலம் வேறு வருகிறது. அந்த மக்கள் வேறு வழியின்றி அரசு ஒதுக்கிய முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு மனைவி சொன்ன வார்த்தை

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1876-ல் இந்தப் பகுதிக்கு மாடு வளர்க்க வந்தவர் சார்லஸ் குட்நைட். ஜான் அடேர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ‘ஜேஏ’ என்ற பெயரில் அவர் உருவாக்கிய பண்ணை டெக்சாஸின் புகழ்பெற்ற பண்ணைகளில் ஒன்று. அவரும் பைசன் வேட்டைக் காலத்தைப் பார்த்தவர்தான். ஆனால், அவருடைய மனைவி மேரி ஆன் வேறு மாதிரி யோசித்தார். கண் முன்னால் ஓர் இனமே அழிந்துகொண்டிருக்கிறது, சில கன்றுகளையாவது காப்பாற்றுங்கள் என்று கணவரை வற்புறுத்தினார்.

1878-ல் குட்நைட் சில கன்றுகளைப் பிடித்து வந்து வளர்க்கத் தொடங்கினார். அவை பெருகின. 1902-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பைசன்களை மீட்டெடுக்க முயன்றபோது, குட்நைட் மந்தையிலிருந்து 3 காளைகள் அங்கே அனுப்பப்பட்டன.

மேரி ஆன் 1926-லும் சார்லஸ் 1929-லும் இறந்துபோனார்கள். அதன் பிறகு மந்தையில் மிஞ்சியவை, பண்ணையின் கரடுமுரடான மூலைகளில் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. 1990-களில்தான் அவற்றின் மரபணுவைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். தென் சமவெளிப் பைசன்களின் அரிய வம்சம் அது என்று தெரியவந்தது. 1997-ல் ஜேஏ பண்ணை அந்த மந்தையை மாநில அரசுக்குக் கொடையாக வழங்க, கேப்ராக் கேன்யன்ஸ் அவற்றின் வீடானது. இன்று இது டெக்சாஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வ பைசன் மந்தை.

கதை அதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய கன்றுகளிலிருந்து வந்த வம்சம் என்பதால், சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து மந்தை பலவீனமாகியிருந்தது. கன்றுகள் அதிகம் பிழைக்கவில்லை. இப்படியே விட்டால் சில பத்தாண்டுகளில் மந்தையே இல்லாமல் போய்விடும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். ஊடக அதிபர் டெட் டர்னர், நியூ மெக்ஸிகோவிலுள்ள தன் பண்ணையிலிருந்து 3 காளைகளைக் கொடுத்தார். புது ரத்தம் வந்தது. கன்றுகள் பிழைக்கத் தொடங்கின.

2011-ல் வேலிக்குள் இருந்த மந்தையைப் பூங்காவின் புல்வெளியில் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பைசன்கள் அங்கே போகாத இடமில்லை. சாலையில் நிற்கும், முகாம் மேஜைக்குப் பக்கத்தில் மேயும், நடைபாதையின் நடுவில் படுத்துக்கொள்ளும். அது அவற்றின் வீடு. போகிறவர்கள்தான் விருந்தாளிகள்.

விருந்தாளிக்கான விதிகள்

இந்தப் பயணத்தில் மிக முக்கியமான பகுதி இது. குடும்பத்தில் எல்லோரும் கிளம்பும் முன்பே படித்துவிடுவது நல்லது.

பைசனிடமிருந்து குறைந்தது 50 கஜம், அதாவது 45 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். தூரத்தைக் கணிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கையை நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். முழு பைசனும் கட்டைவிரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால், பக்கத்தில் போய்விட்டோம் என்று அர்த்தம். பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் பெரியவர்களைவிடக் கறாராகச் செய்வார்கள்!

அசைபோட்டுக்கொண்டு சாதுவாக நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் வேகமாக ஓடும் விலங்கு அது. மனிதர் யாராலும் அதை ஓடி ஜெயிக்க முடியாது. வால் மேலே எழும்பினால், முன்னங்காலால் தரையைக் கிளறினால், தலையை ஆட்டினால், உறுமினால், உடனே பின்வாங்கிவிட வேண்டும். 2022-ல் இதே பூங்காவின் பாதையில் தனியாக நடந்துபோன ஒரு பெண்ணை பைசன் முட்டித் தூக்கியது. பலத்த காயங்களோடு அவர் உயிர் பிழைத்தார்.

பாதையை மறித்துக்கொண்டு நின்றால்? தள்ளியே காத்திருக்கலாம், தூரமாகச் சுற்றிப் போகலாம் அல்லது வந்த வழியே திரும்பிவிடலாம். கத்துவது, கல் எறிவது, கை தட்டுவது எதுவும் வேண்டாம். காரில் இருக்கும்போது மறித்தால் இன்னும் சுலபம். இறங்காமல், ஹாரன் அடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். பலருக்கு இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த புகைப்படம் கிடைப்பது அந்தக் காத்திருப்பில்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் கன்றுகள் பிறக்கும். செம்பழுப்பு நிறத்தில் தாயின் காலைச் சுற்றி ஓடும். பார்க்க அழகு. ஆனால், தாய்ப் பசு அப்போது மிகவும் உஷாராக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் இணை சேரும் காலம். காளைகள் ஒன்றோடொன்று மோதும் நேரம். இந்த மாதங்களில் 45 மீட்டர் என்பதே போதாது என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

எப்போது போகலாம்?

மார்ச் முதல் மே வரை, பிறகு அக்டோபர், நவம்பர். இவைதான் சரியான மாதங்கள். டிசம்பர், ஜனவரியில் குளிர் வாட்டும், சில நாள் பனியும் பொழியும். ஆனால், கூட்டம் இருக்காது. சிவப்புப் பாறைமேல் வெள்ளைப் பனி படிந்திருக்கும் காட்சி தனி அழகு.

கோடையில் மட்டும் யோசிக்க வேண்டும். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ‘நாங்கள் பார்க்காத மதுரை வெயிலா, வேலூர் வெயிலா?’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஒதுங்க ஒரு வேப்பமரம் கிடையாது, டீக்கடை கிடையாது. காற்று உலர்ந்தது என்பதால் வியர்ப்பதே தெரியாது. உடம்பில் நீர் வற்றுவதை உணர்வதற்குள் மயக்கம் வந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் பாறைச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

நடக்கும்போது ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது பாலபாடம். கோடையில் போகிறவர்கள் விடிகாலையில் தொடங்கி, காலை 10 மணிக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது.

எங்கே தங்குவது?

பூங்காவுக்குள் ஹோட்டல் கிடையாது. பெரும்பாலும் கூடாரம்தான். கூடாரம் புதிது என்பவர்களுக்கு ஹனி ஃப்ளாட் முகாம் ஏற்றது. மின்சாரம், தண்ணீர் இரண்டும் உண்டு. வீடு போன்ற ஆர்.வி. வண்டிகளில் வருபவர்களும் இங்கேதான் தங்குவார்கள். காலையில் கூடாரத்தைத் திறந்தால் பைசன் நிற்க வாய்ப்புள்ள இடமும் இதுதான். பக்கத்திலேயே ‘பிரெய்ரி டாக்’ என்னும் அணில் குடும்பத்து உயிரினங்கள் வளை தோண்டி ஊரே அமைத்திருக்கின்றன. நாய் என்பது பெயரில் மட்டும்தான். ஆபத்து என்றால் ஒன்று நின்றுகொண்டு சத்தம்போட, மற்றவை சட்டென்று வளைக்குள் ஓடுவதைப் பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அனுபவசாலிகளுக்குப் பள்ளத்தாக்கின் உட்பகுதியில் எளிய முகாம்கள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் வசதி இல்லை. எல்லாவற்றையும் சுமந்துதான் போக வேண்டும்.

வயதான அம்மா, அப்பாவோடு போகிறவர்கள் கூடாரம் வேண்டாம் என்று நினைத்தால், கிட்டிக்வே, டர்க்கி ஊர்களில் இருக்கும் சிறிய விடுதிகளை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். அறைகள் குறைவு. அது கிடைக்காவிட்டால் சில்ட்ரஸ், பிளெய்ன்வியூ போன்ற ஊர்களில் தங்கி, காலையில் வந்து மாலையில் திரும்பலாம்.

முகாம் இடம், பகல்நேர நுழைவு இரண்டையுமே டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வசந்தகால வார இறுதிகளுக்கு மாதக்கணக்கில் முன்பே இடம் நிறைந்துவிடும். வார நாளில் போக முடிந்தால் இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு மட்டும்தான். 12 வயது வரை இலவசம்.

முதல் நாள், இரண்டாம் நாள்

இரண்டு இரவு, ஒன்றரைப் பகல் இருந்தால் பூங்காவை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

முதல் நாள் மாலைக்குள் வந்து சேர்வது நல்லது. இருட்டில் அந்தச் சாலைகளில் மான்களும், பூங்காவுக்குள் பைசன்களும் குறுக்கே வரும். கூடாரம் போட்டதும் காரிலேயே பூங்காச் சாலையில் ஒரு சுற்று மெதுவாகப் போய் வரலாம். மாலை வெயிலில் பாறைகள் தணல் மாதிரி சிவக்கும் நேரம் அது. நடக்க முடியாதவர்களுக்கு இந்தச் சாலைப் பயணமே நிறைவாக இருக்கும்.

இரவு, வானம். சுற்றிலும் பெரிய ஊர் எதுவும் இல்லாததால் நிலவில்லாத நாளில் பால்வெளியே கண்ணுக்குத் தெரியும். அமாவாசையை ஒட்டித் திட்டமிட்டால் அதிர்ஷ்டம். நம் வீட்டு தினசரிக் காலண்டரே போதும்!

இரண்டாம் நாள் காலை, நடை. சிறுவர்களோடு வருபவர்களுக்கு ஈகிள் பாயின்ட் பாதை. வழியில் ஓடை நீர் பாறையைக் குடைந்து உண்டாக்கிய இயற்கைப் பாலம் இருக்கிறது. அதன் அடியில் புகுந்து போகலாம். நல்ல தெம்புள்ளவர்களுக்கு அப்பர் கேன்யன் பாதை. செங்குத்தான ஏற்றம், சரளைக்கல், ஓடைப் படுகை எல்லாம் தாண்டினால், பாறைக் கசிவில் பெரணிகள் தழைத்திருக்கும் ஃபெர்ன் கேவ் வரும். வறண்ட சிவப்புக்கு நடுவே அவ்வளவு பசுமையை எதிர்பார்க்க முடியாது. இதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

பாதையோரத்தில் நமக்குத் தெரிந்த சில முகங்களும் உண்டு. எங்கும் முள்ளோடு நிற்கும் மெஸ்கீட் மரம், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அங்கே பார்பெக்யூவுக்கு அந்த விறகுதான் பிரசித்தம். தரையில் படர்ந்து செருப்பைக் குத்தும் ‘கோட்ஹெட்’ முள் வேறு எதுவுமல்ல, அசல் நெருஞ்சிதான்! கண்டம் தாண்டிப் போய் அங்கே சைக்கிள் டயர்களைப் பதம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனவே செருப்பு வேண்டாம், ஷூதான். ராட்டில் ஸ்நேக் என்கிற கிலுகிலுப்பைப் பாம்பும் உள்ள இடம் என்பதால் கை, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

மதியம் எதுவும் செய்ய வேண்டாம். நிஜமாகவே! லேக் தியோ என்ற சிறிய ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். அந்த ஏரிக்கரையும் சாதாரண இடமில்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ‘ஃபால்சம்’ கால மனிதர்கள், இன்றைய பைசனைவிடப் பெரிய, இப்போது அழிந்துபோன பைசன்களை வேட்டையாடி வெட்டிய தடயங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. மந்தை அந்தப் பக்கம் வந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வராவிட்டால் தூங்கலாம். அரை நாளைக் காலியாக விட்டுவைத்தவர்களுக்குத்தான் அங்கே பைசன் தரிசனம் எளிதில் கிடைக்கிறது.

கோடையில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் காட்சி உண்டு. 1989-ல் கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையை, தண்டவாளத்தை எடுத்துவிட்டு 64 மைல் நீள நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். அதில் வரும் கிளாரிட்டி டன்னல் என்ற பழைய சுரங்கத்தில் மெக்ஸிகோவிலிருந்து வரும் வௌவால்கள் லட்சக்கணக்கில் தங்குகின்றன. அந்தி நேரத்தில் புகை கிளம்புவதுபோல் வெளியேறும். ஆனால், அருகிலிருக்கும் வாகன நிறுத்தத்திலிருந்தே நாலரை மைல் போக வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். டார்ச், தண்ணீர், தெம்பு மூன்றும் உள்ளவர்களுக்கு மட்டும். மழையில் பாதை சேதமாகி மூடப்படுவதும் உண்டு என்பதால் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

பெட்ரோல்: சில்ட்ரஸ், டூலியா அல்லது பிளெய்ன்வியூவில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

போன்: பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துகொள்வதோடு, அலுவலகத்தில் தரும் காகித வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை முகாமில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது அவசியம்.

சாப்பாடு: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஊர்களில் வாய்ப்பு குறைவு. புளியோதரை, சப்பாத்தி, தேங்காய் சேர்க்காத பொடி வகைகள் கைகொடுக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் கட்டாயம். சாப்பாட்டை வெளியே திறந்து வைக்கக் கூடாது.

அடுப்பு: வறட்சிக் காலத்தில் விறகு மூட்டத் தடை இருக்கும். கையடக்க கேஸ் அடுப்பு பாதுகாப்பு. அன்றைய விதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து: பெரிய மருத்துவமனைகள் லுபக், அமரில்லோவில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மழை: வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையில் திடீர் வெள்ளம் வரும். தூரத்தில் இடி கேட்டாலே மேட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ட்ரோன்: வீட்டிலேயே இருக்கட்டும். அனுமதி கிடையாது.

கடைசியாக: போட்டிருக்கும் திட்டத்தில் ஒரு நிகழ்ச்சியை வெட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் சாலையை மறித்து ஒரு தாய்ப் பசு நிற்கலாம், பக்கத்தில் செம்பழுப்பில் ஒரு கன்றும் நிற்கலாம். காரை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மேரி ஆன் கதையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.